சிறுநீரில் எல்-ஃபாப் பார்க்க எந்த அன்டிபொடி வாங்கலாம்? (மட்டக்களப்பு, வயல் வேலை செய்வோரின் மாதிரிகள்)

படுவான்கரையாள் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் துறையில் சிறிய ஆய்வு ஒன்றுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. படுவான்கரையில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கம் பெரும்போக அறுவடை நேரத்தில் வயலில் நிற்பவர்களின் சிறுநீரை எடுத்து, அதில் ஈரல் வகைக் கொழுப்பமிலப் பிணைப்புப் புரதம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். ஆய்வுக்காரர் எல்-ஃபாப் என்று சொல்கிற அதே புரதம்தான். குருதியில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) ஏற முன்னமே சிறுநீரகக் குழாய்கள் படும் பாட்டை இது காட்டும் என்பதால் இதைத் தெரிவு செய்தோம்.

சிக்கல், அந்தப் புரதத்தைத் தேடிப் பிடிக்கும் அன்டிபொடியில்தான். கம்பனிகளின் பட்டியலைத் திறந்தால் முயலில் செய்தது, சுண்டெலியில் செய்தது, ஆட்டில் செய்தது என்று நீளமாகப் போகிறது. பாதிக்கு மேல் "வெஸ்டர்ன் பிளொட், எலைசா, இழையச் சாயமூட்டல் மூன்றுக்கும் உகந்தது" என்றே எழுதியிருக்கிறார்கள். (பிளொட் புரதத்தை நிறைப்படி பிரித்துப் பட்டையாகக் காட்டும், எலைசா குழித் தட்டில் அதன் அளவைக் காட்டும்.) எங்களிடம் உள்ள காசுக்கு ஒரேயொரு ஓடர்தான் போடலாம். எதைப் பார்த்துத் தெரிவு செய்வது? பாவித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வாவிக்கரை

தங்கச்சி, நான் எம்.எல்.ரி. (மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்) ஆக வேலை செய்கிறேன். ஒரே ஓடர்தான் என்றால் தனி அன்டிபொடியை விடுங்கள், எலைசா கிட்டாகவே வாங்குங்கள். எலைசாவை நீங்களே கட்டுவதென்றால் ஒன்றுக்கொன்று இடிக்காத இரண்டு அன்டிபொடி, அளவு தெரிந்த தரநிலைப் புரதம், தட்டுப் பூசும் கரைசல் என்று எல்லாம் தனித்தனியாக வேண்டும். ஒவ்வொன்றின் செறிவையும் சரிப்படுத்தி முடிக்கும்போது ஆய்வுக் காலமே போய்விடும்.

ஒரு கணக்கையும் முதலே போட்டுவிடுங்கள். 96 குழித் தட்டில் எல்லாவற்றையும் இரட்டையாகப் போட்டால் 48 இடம். தரநிலைக்கு ஏழு, வெறுமைக்கு ஒன்று, கொன்ட்ரோலுக்கு இரண்டு போக 38 மாதிரிக்குத்தான் இடம். மாதிரி எத்தனை என்று தீர்மானிக்கும் முன் தட்டு எத்தனை என்று பாருங்கள்.

வயலோரம்

நான் சம்மாந்துறை. உயிர்வேதியியல் படித்தவன், எங்கட வீட்டிலும் வயல்தான். அன்டிபொடிக்குப் போக முன்னம் இந்தப் புரதத்தைப் பற்றிச் சில விஷயம் சொல்ல வேண்டும். வாங்கும்போது அவை எல்லாம் உதவும்.

1972 இல் ஒக்னர் குழுவினர் குடற்சுவரிலும் ஈரலிலும் இதயத்திலும் கொழுப்பமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் சிறிய புரதம் இருப்பதாக எழுதினார்கள். பிறகுதான் அது ஒரு குடும்பம் என்று தெரிந்தது. ஈரலில் உள்ளது முதலாவது, குடலுக்குரியது இரண்டாவது, இதயத்துக்குரியது மூன்றாவது, கொழுப்பிழையத்துக்குரியது நான்காவது என்று எண் கொடுத்திருக்கிறார்கள். நம் ஆள் 127 அமினோ அமிலம், ஏறத்தாழ 14 கிலோடால்டன். பத்து இழைகள் மடிந்து பீப்பாய் போல வளைந்திருக்கும், மேலே இரண்டு சுருள்கள் மூடியாக இருக்கும். குடும்பத்தில் மற்றவை ஒரு கொழுப்பமிலத்தைத்தான் பிடிக்கும், இது இரண்டைப் பிடிக்கும்.

பெயரில் ஈரல் இருந்தாலும் ஈரலோடு நின்றுவிடுவதில்லை. சிறுகுடலிலும் உண்டு, மனிதச் சிறுநீரகத்தில் நெஃப்ரோனின் அண்மைக் குழாய்க் கலங்களிலும் உண்டு. அந்தக் கலங்களுக்கு ஒட்சிசன் குறைந்தால், ஒட்சியேற்ற அழுத்தம் ஏறினால், இது சிறுநீருக்குள் வெளியேறும். ஜப்பானில் 2011 முதல் சிறுநீர் எல்-ஃபாப் பரிசோதனை அரச மருத்துவக் காப்புறுதிக்குள் வருகிறது. அவர்கள் வைக்கும் மேல் எல்லை ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 8.4 மைக்ரோகிராம்.

குடும்ப உறவுதான் உங்கள் முதல் தலையிடி. மற்ற உறுப்பினர்களோடு அமினோ அமில ஒற்றுமை சோடிக்குச் சோடி மாறும், 20 முதல் 70 சதவீதம் வரை. முழுப் புரதத்தையும் ஊசியாகப் போட்டு எடுத்த பொலிகுளோனல் என்றால், அதில் உள்ள பல்வேறு அன்டிபொடிகளில் ஒன்றிரண்டு இந்த உறவுகளையும் பிடிக்க இடமுண்டு. ஆகவே தகவல் தாளில் "குறுக்குப் பிணைப்பு இல்லை" என்ற வரியோடு நிற்காதீர்கள். எந்தெந்த உறுப்பினருக்கு எதிராகப் பார்த்தார்கள், என்ன செறிவில் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள்.

கல்லடி வெளிச்சவீடு

வயலோரம் நானா சொன்னதிலிருந்து தொடர்கிறேன். நான் இப்போது வெளிநாட்டில், புரத ஆய்வுகூடம் ஒன்றில் இருக்கிறேன். அன்டிபொடி விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குழாயின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை அந்த அன்டிபொடி எதைப் பிடிக்கிறது என்பதற்குச் சான்றாக எடுக்கவே கூடாது. உங்கள் மாதிரியில், உங்கள் முறையில், அது எல்-ஃபாப்பைத்தான் பிடிக்கிறது என்று நீங்களே காட்ட வேண்டும். காட்ட முடியாத அன்டிபொடி எவ்வளவு பேர்பெற்ற கம்பனியுடையதாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது. இது நான் தனியாகச் சொல்கிற சங்கதியும் கிடையாது. 2016 இல் ஒரு சர்வதேசக் குழு அன்டிபொடியைச் சரிபார்க்க ஐந்து வழிகளை வகுத்தது. மரபணுவை நீக்கிய கலத்தில் சமிக்ஞை மறைகிறதா என்று பார்ப்பது, அன்டிபொடியே தேவைப்படாத இன்னொரு முறையோடு ஒப்பிடுவது, வேறோர் இடத்தைப் பிடிக்கும் இரண்டாவது அன்டிபொடியோடு ஒப்பிடுவது போன்றவை அதில் வரும். இரண்டாவது அன்டிபொடியோடு ஒப்பிடுவது மட்டக்களப்பில் இருந்துகொண்டே செய்யக்கூடியது.

இப்போது தெரிவுக்கு வருவோம். முதலில் தேட வேண்டியது, எதை ஊசியாகப் போட்டு இந்த அன்டிபொடியை எடுத்தார்கள் என்பது. முழுப் புரதமா, பதினைந்து இருபது அமினோ அமிலம் கொண்ட சிறு துண்டா? துண்டு என்றால் எந்தத் துண்டு? இந்தப் புரதத்தில் 94 ஆம் இடத்தில் திரெயோனினுக்குப் பதில் அலனின் இருக்கும் ஒரு மரபு வேறுபாடு மக்களிடையே பரவலாக உண்டு. அந்த இடத்தைச் சுற்றியுள்ள துண்டுக்கு எதிராகச் செய்த அன்டிபொடி என்றால், இரண்டு வகையாரையும் ஒரே அளவில் பிடிக்கும் என்று நம்பி நடக்க முடியாது. நோய் ஒன்றுமில்லாமலே இரண்டு விவசாயிகளுக்கு வேறு வேறு எண் வந்து நிற்கும்.

அடுத்தது, வெஸ்டர்ன் பிளொட்டில் வேலை செய்கிற அன்டிபொடி எலைசாவிலும் வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம். பிளொட்டில் எஸ்.டி.எஸ். என்ற சவர்க்காரப் பொருளைப் போட்டுக் கொதிக்க வைத்து, புரதத்தின் மடிப்பைக் குலைத்துவிடுகிறோம். சிறுநீரில் அது மடிந்தபடியே இருக்கிறது. சுருட்டி வைத்த பன்பாயின் உள்பக்கக் கோலம் விரித்தால்தான் தெரியும். அதே மாதிரி, பீப்பாய்க்குள் மறைந்திருக்கும் பகுதியைப் பிடிக்கும் அன்டிபொடி பிளொட்டில் அழகான பட்டையைக் காட்டும், எலைசாவில் ஒன்றையும் காட்டாது. மறுதலையாகவும் நடக்கும். அதனால் "சோடியாகப் பரிசோதிக்கப்பட்டது" என்று எழுதியிருக்கும் இரண்டு அன்டிபொடியைத்தான் எலைசாவுக்கு வாங்க வேண்டும். தனித்தனியே நல்லவையாக இருக்கும் இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டால் தட்டு வெறுமையாகத்தான் வரும்.

மொனோகுளோனலா பொலிகுளோனலா என்ற கேள்விக்கு என் பதில் இது. கோலரும் மில்ஸ்டைனும் 1975 இல் கொடுத்த முறையால் வரும் மொனோகுளோனல் ஒரே இடத்தை மட்டும் பிடிக்கும், அடுத்த தொகுதி வாங்கினாலும் அநேகமாக அதுவே வரும். பொலிகுளோனல் அப்படியில்லை. அந்த முயல் போனால் அந்த அன்டிபொடியும் போனது. அடுத்த தொகுதி வேறு முயலிலிருந்து வரும், பெயரும் பட்டியல் எண்ணும் மட்டும் மாறாமல் இருக்கும். அன்டிபொடியின் மரபணு வரிசையைத் தெரிந்துகொண்டு கலங்களில் உற்பத்தி செய்யும் மீளிணைப்பு அன்டிபொடி கிடைத்தால் இன்னும் நல்லது. தட்டில் பிடிப்பதற்கு மொனோகுளோனல், காட்டிக்கொடுப்பதற்கு வேறு இடத்தைப் பிடிக்கும் இன்னொரு மொனோகுளோனல் அல்லது நன்றாகத் தூய்மையாக்கிய பொலிகுளோனல் என்பதே என் தெரிவு.

கிட் வாங்கச் சொன்ன வாவிக்கரை அண்ணனோடு நான் முக்கால்வாசி உடன்படுகிறேன். மீதிக் கால்வாசி என்னவென்றால், கிட்டையும் நீங்கள் சோதிக்க வேண்டும். ஒருவரின் சிறுநீரில் தெரிந்த அளவு எல்-ஃபாப்பைச் சேர்த்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள். 80 முதல் 120 சதவீதத்துக்குள் நின்றால் வழக்கமாக ஏற்றுக்கொள்வார்கள். அதிகமாக உள்ள மாதிரி ஒன்றை இரண்டு, நான்கு, எட்டு மடங்கு ஐதாக்குங்கள். திரும்பப் பெருக்கும்போது ஒரே எண் வர வேண்டும். ஐதாக்க ஐதாக்க எண் ஏறினால் சிறுநீரில் ஏதோ குறுக்கிடுகிறது என்று அர்த்தம்.

வாவிக்கரை

அந்தக் கால்வாசியை ஏற்றுக்கொள்கிறேன். சேர்த்துப் பார்க்கும் சோதனைக்கும் ஐதாக்கும் சோதனைக்கும் குழிகள் வேண்டும், ஆகவே தங்கச்சி ஒரு தட்டைக் கூடுதலாக ஓடர் போட வேண்டி வரும்.

படுவான்கரையாள்

நன்றி அண்ணன், நானா, கல்லடி அக்கா. (அக்கா என்றுதான் நினைக்கிறேன்.) இரண்டு கேள்வி. கிட்டோடு ஒரு மொனோகுளோனலையும் வாங்கி, நாலைந்து மாதிரியை வெஸ்டர்ன் பிளொட்டில் போட்டுப் பட்டை 14 இல்தான் வருகிறதா என்று காட்டினால் போதுமா? அப்புறம், பொசிட்டிவ் கொன்ட்ரோலுக்குச் சுண்டெலிச் சிறுநீரகம் எடுக்கலாமா? துறையில் வேறு ஆய்வுக்காகச் சுண்டெலி இருக்கிறது.

கல்லடி வெளிச்சவீடு

அக்காதான்.

சுண்டெலிச் சிறுநீரகம் வேண்டவே வேண்டாம். சாதாரணச் சுண்டெலியின் சிறுநீரகக் குழாயில் எல்-ஃபாப் இயல்பாக உருவாவதில்லை. அதனால்தான் ஜப்பானிய ஆய்வாளர்கள் மனித எல்-ஃபாப் மரபணுவைச் சுண்டெலிக்குள் புகுத்தி, அந்தச் சுண்டெலியில் சிறுநீரகப் பாதிப்பைப் பார்த்தார்கள். நீங்கள் சாதாரணச் சுண்டெலிச் சிறுநீரகத்தைப் போட்டுப் பட்டை வரவில்லை என்றால், நல்ல அன்டிபொடியைக் குறை சொல்லித் தூக்கி எறிந்துவிடுவீர்கள். பட்டை வந்தாலோ அது இன்னும் பெரிய தலையிடி.

சுண்டெலியின் ஈரலை எடுக்கலாம், அதில் இந்தப் புரதம் ஏராளம். ஆனால் அன்டிபொடி சுண்டெலிப் புரதத்தையும் பிடிக்கும் என்று தகவல் தாளில் இருக்க வேண்டும். அதோடு அன்டிபொடியே சுண்டெலியில் செய்ததென்றால், இரண்டாம் நிலை அன்டிபொடி (முதல் அன்டிபொடியைப் பிடித்துக் காட்டுவது) அந்த ஈரலில் உள்ள சுண்டெலியின் சொந்த அன்டிபொடிகளையும் பிடிக்கும். 25, 50 கிலோடால்டனில் பட்டை தெரிந்தால் பயப்படாதீர்கள், அது அதுதான். ஹெப்-ஜி-2 என்ற மனித ஈரல் கட்டிக் கலங்களின் கரைசல் கிடைத்தால் எல்லாவற்றிலும் சுலபம். நெகட்டிவுக்கு இதயத் தசை எடுங்கள். அதில் மூன்றாம் உறுப்பினர் நிறைய இருக்கிறது, அதுவும் ஏறத்தாழ இதே நிறை. அங்கே பட்டை வராவிட்டால் உறவுப் புரதத்தை இந்த அன்டிபொடி பிடிக்கவில்லை என்பதற்கும் ஒரு சான்று கிடைத்துவிடும்.

பிளொட்டைப் பற்றி. 14 கிலோடால்டன் என்பது மிகச் சிறியது. வழக்கமான 10 சதவீத ஜெல்லில் போட்டால் சாய முனையோடு சேர்ந்து ஓடிவிடும். 15 சதவீத ஜெல் அல்லது 4 முதல் 20 வரையான படித்திறன் ஜெல் எடுங்கள். மென்சவ்வு 0.45 மைக்ரோன் வேண்டாம், 0.2 எடுங்கள். மாற்றும் நேரத்தையும் குறையுங்கள், கூடினால் புரதம் மென்சவ்வைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். முதல் தடவை பின்னால் இன்னொரு மென்சவ்வை வைத்துப் பார்த்தால், போனதா இல்லையா என்று தெரியும். சிறுநீரைச் செறிவாக்க 10 கிலோடால்டன் வடிகட்டியை எடுக்க வேண்டாம், 14 உள்ள புரதத்துக்கு அது மட்டுமட்டு. 3 கிலோடால்டன் எடுங்கள்.

தரநிலைப் புரதத்தில் ஹிஸ்டிடின் வால் இருந்தால் அதன் பட்டை சற்று மேலே நிற்கும். மாதிரியின் பட்டையும் அதன் பட்டையும் ஒரே மட்டத்தில் வரவில்லை என்று குழம்ப வேண்டாம்.

இழையப்பெட்டி

சிறுநீருக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை, இருந்தாலும் யாராவது இதே அன்டிபொடியை இழையத்துக்கும் பாவிக்க எண்ணினால் உதவட்டும். நோயியல் ஆய்வுகூடங்களில் எல்-ஃபாப் சாயமூட்டலுக்கு உண்மையான பயன் ஒன்று இருக்கிறது. ஈரல் அடினோமா என்ற புற்றுநோயல்லாத கட்டியில், எச்.என்.எஃப்.1.ஏ மரபணு செயலிழந்த வகையில், கட்டியில் இந்தச் சாயம் ஏறாது, சுற்றியுள்ள சாதாரண ஈரலில் நன்றாக ஏறும். சாயம் இல்லாததே விடையாக இருக்கும் அபூர்வமான சோதனை இது. பக்கத்து ஈரல் அதே வில்லையில் பொசிட்டிவாக இருந்தால் மட்டும்தான் அந்த இல்லாமையை நம்பலாம்.

ஈரலிலும் சிறுநீரகத்திலும் இயல்பாகவே பயோட்டின் அதிகம். அவிடின்-பயோட்டின் முறையில் காட்டினால் அன்டிபொடி போடாத வில்லையும் கபில நிறமாகிவிடும். பொலிமர் முறைக்குப் போங்கள்.

அம்பாறை மழை

எல்லாரும் அன்டிபொடியிலேயே நிற்கிறீர்கள். நான் மாதிரி எடுக்கப் போகிறவன் நிலையில் நின்று பேசுகிறேன். எங்கள் மாவட்டத்தில் தெஹியத்தகண்டியப் பக்கம், காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயால் குடும்பங்கள் படும் பாடு எல்லாருக்கும் தெரியும். அந்த நோயில் பாதிப்புக் குழாய்களிலும் அவற்றின் இடையிழையத்திலும்தான் தொடங்குகிறது. ஆரம்பத்தில் அல்புமின் பெரிதாக இறங்காது, குச்சிப் பரிசோதனை சும்மா இருக்கும். அதனால் குழாயைக் காட்டும் புரதத்தைத் தேடுவது சரியான யோசனைதான். ஆனால் கூடின எண் ஒன்று வந்ததும் அந்த நோயின் பெயரை யாருக்கும் ஒட்டிவிட வேண்டாம். கொக்கட்டிச்சோலையில் ஒருவருக்கு எண் கூடினால், அன்றைக்கு வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்றிருக்கலாம், உடம்பு நோவுக்கு டைக்ளோபெனாக் போட்டிருக்கலாம், எலிக்காய்ச்சல் வந்து மாறியிருக்கலாம், முன்பு புடையன் கடித்திருக்கலாம். இது எல்லாம் கேள்விக்கொத்தில் இருக்கிறதா?

வயலோரம்

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். அதிலும் எலிக்காய்ச்சல் தனியாகக் கவனிக்க வேண்டியது. அது அண்மைக் குழாயையும் தாக்கும், கடுமையானால் ஈரலையும் தாக்கி மஞ்சள் பூக்க வைக்கும். ஈரல் கலம் உடைந்தால் எல்-ஃபாப் குருதிக்குள் வரும். 14 கிலோடால்டன் என்பதால் அது சிறுநீரக வடிகட்டியைத் தாண்டிவிடும். நல்ல நிலையில் உள்ள அண்மைக் குழாய் மெகலின் என்ற வாங்கியால் அதைத் திரும்ப உள்ளிழுத்துக்கொள்ளும். குழாயும் பழுதானால் இழுக்க ஆளில்லை. அப்போது சிறுநீரில் நிற்பது ஈரலுடையதா சிறுநீரகத்துடையதா என்று எந்த அன்டிபொடியாலும் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே புரதம். காய்ச்சல் அல்லது மஞ்சள் காமாலை அண்மையில் வந்தவர்களைத் தனிக் கூட்டமாக வையுங்கள், முடிந்தால் ஈரல் நொதியங்களையும் பாருங்கள்.

படுவான்கரையாள்

கேள்விக்கொத்தில் நோவு மாத்திரை இருக்கிறது. எலிக்காய்ச்சலும் பாம்புக்கடியும் இல்லை, சேர்க்கிறேன். கிரியேட்டினினால் வகுத்துத்தான் எண்ணைக் கொடுக்கப் போகிறோம், அதில் சிக்கல் இல்லைதானே?

வாவிக்கரை

சிக்கல் இல்லை. எல்லாரும் அப்படித்தான் கொடுக்கிறார்கள்.

அம்பாறை மழை

இதில் அண்ணனோடு ஒத்துப்போக முடியவில்லை. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. மூட்டை தூக்குகிற இருபத்தைந்து வயதுப் பெடியனுக்கும் கதிர் பொறுக்குகிற அறுபது வயது ஆச்சிக்கும் அது ஒன்றா? ஆச்சியின் சிறுநீரில் கிரியேட்டினின் குறைவு, வகுத்தால் எல்-ஃபாப் கூடினதாகத் தெரியும். சிறுநீரகத்தில் ஒன்றும் இல்லாமலே ஆச்சியை நோயாளியாக்கிவிடுவீர்கள்.

வாவிக்கரை

வகுக்காமல் விட்டால் அதைவிட மோசம். மத்தியான வெயிலில் வியர்த்து ஊற்றியவனின் சிறுநீர் கடும் மஞ்சளாக இருக்கும், காலையில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தவனுடையது வெறும் தண்ணீராக இருக்கும். செறிவைச் சரிப்படுத்தாமல் இரண்டையும் எப்படிப் பக்கத்தில் வைப்பது?

கல்லடி வெளிச்சவீடு

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. மூன்று எண்ணையும் கொடுங்கள்: வகுக்காத செறிவு, கிரியேட்டினினால் வகுத்தது, தன்னீர்ப்பால் (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) திருத்தியது. தன்னீர்ப்பு பார்க்கச் சின்ன ஒளிமுறிவுமானி ஒன்று போதும், வயல் வரம்பிலேயே பார்க்கலாம். மூன்றிலும் ஒரே பக்கம் சாய்கிற முடிவை மட்டும் உறுதியாக எழுதுங்கள். ஆண், பெண், வயது பிரித்து ஒப்பிட்டால் ஆச்சியையும் காப்பாற்றலாம். 8.4 என்ற எல்லையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து படுவான்கரையில் வைக்க வேண்டாம். அது ஜப்பானியரில் ஒரு குறிப்பிட்ட கிட்டை வைத்துப் பார்த்த எண். வேறு அன்டிபொடிச் சோடி, வேறு தரநிலைப் புரதம் என்றால் எண்ணும் மாறும். அதே ஊரில் வயலுக்குப் போகாதவர்களை ஒப்பீட்டுக்கு எடுங்கள்.

வாவிக்கரை

சரி, மூன்று எண் நல்ல வழி. இனிச் சேமிப்பைப் பற்றி நான் சொல்கிறேன், அது என் தொழில்.

மாதிரியை எடுத்தவுடன் ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். மண்முனைப் பாலத்தால் வந்தாலும் வெயில் வெயில்தான். ஆய்வுகூடம் வந்ததும் சுழற்றி, அடியில் நிற்கும் கலங்களை நீக்கி, மேல்நீரைச் சின்னச் சின்னக் குழாய்களில் பங்கிட்டு மைனஸ் 80 இல் போடுங்கள். உறைந்து கரைந்து மீண்டும் உறைவதைத் தவிர்க்கத்தான் இந்தப் பங்கீடு. குளிர வைத்த சிறுநீரில் வெள்ளையாகத் திரள்வது பெரும்பாலும் உப்பும் யூரோமொடியூலின் புரதமும்தான். அறை வெப்பத்துக்கு வந்ததும் நன்றாகக் கலக்கி, மறுபடி சுழற்றித் தெளிந்ததை எடுங்கள்.

அன்டிபொடி வந்ததும் அதையும் பங்கிட்டு வையுங்கள், மொனோகுளோனலில் பாதி கிளிசரோல் இருந்தால் மைனஸ் 20 இல் உறையாமல் நிற்கும். ஆனால் தானாக உறைபனி நீக்கும் வீட்டு பிரிட்ஜில் வைக்க வேண்டாம், அது வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மார்கழி மழைக்குக் கரண்ட் போகும், அது நமக்குப் புதிதில்லை. பிரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள். கொழும்பு ஏஜென்ட் பெட்டியைக் கையில் தரும்போது உள்ளே உலர் பனிக்கட்டி மிச்சம் இருக்கிறதா என்று அங்கேயே திறந்து பாருங்கள்.

இழையப்பெட்டி

ஒன்று சேர்க்கிறேன். குழாயில் சோடியம் அசைட் இருக்கிறதா என்று பாருங்கள். கெடாமல் இருக்கப் போடுகிற அந்தப் பொருள், அன்டிபொடி பிடித்ததைக் காட்டும் எச்.ஆர்.பி. நொதியத்தை முடக்கும். ஐதாக்கும்போது குறைந்துவிடும் என்றாலும், கழுவும் கரைசலில் அசைட் போட்ட பழைய போத்தல் ஏதும் ஆய்வுகூடத்தில் கிடந்தால் எடுக்க வேண்டாம். பின்னால் பயோட்டினோ தங்கத் துகளோ ஒட்ட எண்ணினால் அல்புமினும் அசைட்டும் கலக்காத வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

படுவான்கரையாள்

எல்லாவற்றையும் மேற்பார்வையாளரிடம் காட்டினேன். முடிவு இப்படி வந்திருக்கிறது. மனித எல்-ஃபாப்புக்கான எலைசா கிட் மூன்று தட்டு. குறுக்குப் பிணைப்பை எந்தெந்த உறுப்பினருக்கு எதிராகப் பார்த்தார்கள் என்று எழுத்தில் தந்த கம்பனியிடம்தான் வாங்குகிறோம், தராத ஒன்றை விட்டுவிட்டோம். கூடவே வேறு இடத்தைப் பிடிக்கும் முயல் மொனோகுளோனல் ஒன்று, பிளொட்டுக்கு. ஹெப்-ஜி-2 கரைசல் கொழும்பில் ஓர் ஆய்வுகூடம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. இதயத் தசைக்கு இறைச்சிக் கடையில் மாட்டிதயம் எடுக்கலாமா என்று மேற்பார்வையாளர் கேட்கிறார். மாதிரி எடுப்பது மாசி அறுவடையில். அதற்கு முன் ஒழுக்கநெறிக் குழுவுக்குத் திருத்திய கேள்விக்கொத்தை அனுப்ப வேண்டும்.

கல்லடி வெளிச்சவீடு

மாட்டிதயம் எடுக்கலாம், ஆனால் அது மட்டும் போதாது. மாட்டின் புரதத்தை அன்டிபொடி பிடிக்காமல் விடுவதற்கு இனம் வேறு என்பதே காரணமாக இருக்கலாம். மனித மூன்றாம் உறுப்பினரின் மீளிணைப்புப் புரதம் சிறிய அளவில் விற்கிறார்கள், அதில் ஒரு குழாயை இதே ஓடரில் சேர்த்துவிடுங்கள். ஒரு கோட்டில் மனித எல்-ஃபாப், பக்கத்தில் அதே அளவு இதய உறுப்பினர், அதற்குப் பக்கத்தில் ஹெப்-ஜி-2, மறுகா உங்கள் மாதிரிகள். அந்த ஒரு படம் உங்கள் அறிக்கையில் முதலாவது படமாக வர வேண்டும்.

அம்பாறை மழை

கேள்விக்கொத்தை அனுப்ப முன்னம் இங்கே ஒருமுறை போடுங்கள் தங்கச்சி. கூடின எண் வந்தவரை எந்தக் கிளினிக்குக்கு அனுப்புவது, யார் அவருக்குச் சொல்வது என்ற பகுதியை நான் பார்த்துத் தருகிறேன்.